டர்போசார்ஜரும் அதன் பிணியறியும் கலையும்

பழைய மோட்டார் வண்டியொன்று கராஜ் வாசலில் வந்து நிற்கின்றது. அதன் புகைக்குழாயிலிருந்து நீலநிறப் புகை எழுகின்றது. மேட்டில் ஏறும்போது வண்டி இளைக்கின்றது என்று சொந்தக்காரர் முறையிடுகின்றார். இரண்டொரு நிமிடத்தில் தீர்ப்பும் கிடைத்துவிடுகின்றது: "டர்போ போய்விட்டது; மாற்றவேண்டும்." பெருந்தொகை செலவாகின்றது, புதிய டர்போசார்ஜர் பூட்டப்படுகின்றது. சில வாரங்கள் கழிகின்றன. அதே வண்டி, அதே புகையுடன், அதே வாசலில் மீண்டும் வந்து நிற்கின்றது.

மோட்டார் வண்டிகள் ஓடும் நாடுகளிலெல்லாம் காணக்கூடிய காட்சி இது. இதிலே ஓர் அநீதி இருக்கின்றது. குற்றவாளியென்று கருதிக் கழற்றி எறியப்பட்ட உறுப்பு, பெரும்பாலும் குற்றவாளியன்று; வேறோர் உறுப்பின் குற்றத்துக்குப் பலியானதே அது. வண்டிச் சொந்தக்காரரின் பணமும் அதனுடன் பலியாகின்றது. டர்போசார்ஜர் தானாக நோயுறுவது குறைவு, பிறவற்றின் நோயையே அது பெரும்பாலும் காட்டுகின்றது என்னும் உண்மையைப் பொறியியலாளர் ஒரு நாளில் அறிந்துகொள்ளவில்லை. நூறாண்டுக்கு மேற்பட்ட தோல்விகளின் வழியாகவே அதனைக் கற்றனர். அவ்வரலாற்றையும், அதிலிருந்து பிறந்த பிணியறியும் முறையையும் நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் இப்பொறி யாதென்று காண்போம். எஞ்சினின் உருளைக்குள்ளே எரிபொருள் எரிவதற்கு வளி வேண்டும். வளி எவ்வளவோ அவ்வளவுக்கே எரிபொருளை எரிக்கலாம். எரிபொருள் எவ்வளவோ அவ்வளவுக்கே வலுப் பிறக்கும். சாதாரண எஞ்சின் தன் ஆடுதண்டு கீழிறங்கும்போது ஈர்க்கக்கூடிய வளியை மட்டும் பெறுகின்றது. அதே வேளையில், எரிபொருளிலுள்ள சத்தியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு, வெந்த வாயுவுடன் கலந்து புகைக்குழாய் வழியே வீணாக வெளியேறிவிடுகின்றது. இவ்வாறு வீணாகும் சத்தியைக் கொண்டே எஞ்சினுக்கு மேலதிக வளியை ஊட்டலாகாதா என்று எண்ணியவர் சுவிற்சர்லாந்து நாட்டுப் பொறியியலாளர் அல்பிரெட் பியூகி என்பவர். 1905ஆம் ஆண்டில் அவர் தம் எண்ணத்துக்குக் காப்புரிமை கோரினார். கழிவாயு ஒரு சுழலியைச் சுழற்றும்; அச்சுழலி ஒரு வளியமுக்கியை இயக்கும்; அமுக்கப்பட்ட வளி உருளைகளுக்குள் செல்லும். இதுவே அவர் கண்ட வழி.

எண்ணம் எளியது, செயலோ அரியது. அந்நாளைய உலோகங்கள் கழிவாயுவின் வெப்பத்தைத் தாங்கமாட்டா. அந்நாளைய வளியமுக்கிகள் தாம் பெற்ற வலுவில் பெரும்பகுதியைத் தாமே விழுங்கிவிட்டன. ஆகவே காப்புரிமைக்கும் பயன்பாட்டுக்குமிடையே இருபது ஆண்டுகள் கழிந்தன. 1925இல் பியூகி புதியதொரு முறையை வகுத்தார். உருளைகளிலிருந்து வெளிப்படும் வாயு ஒரே சீராக வருவதில்லை. துடிப்புத் துடிப்பாகவே வருகின்றது. அத்துடிப்புகள் ஒன்றையொன்று தடுக்காதவாறு குழாய்களைப் பிரித்து அமைத்தால் சுழலி நன்கு சுழலும் என்று அவர் கண்டார். 1926இல் கடலில் இறக்கப்பட்ட பிரொய்சன், ஹன்செஸ்ராட் டன்சிக் என்னும் இரு ஜெர்மானியப் பயணிகள் கப்பல்களின் பத்து உருளை டீசல் எஞ்சின்கள் இம்முறையால் பயனடைந்தன. 1,750 பரிவலு தரத்தக்க எஞ்சின் 2,500 பரிவலு தந்தது. எஞ்சினின் உருவம் பெருக்கவில்லை. வீணாகிய வாயுவே வேலை செய்தது.

இதற்கிடையில் முதலாம் உலகப்போர் வந்தது. விமானங்கள் மேலே செல்லச் செல்ல வளி மெலிந்து எஞ்சின்கள் வலுவிழந்தன. நம் நாட்டிலும் மலைப்பாதையில் வண்டி செலுத்துவோர் இதனைச் சிறிதளவு அறிவர். ஏறக்குறைய 6,000 அடி உயரத்திலுள்ள நுவரெலியாவில் வளியமுக்கம் கடற்கரையிலுள்ளதைவிட ஐந்திலொரு பங்கு குறைவு. பிரான்சில் ஒகஸ்ற் ராட்டோ என்பவர் இக்குறையைத் தீர்க்க விமான எஞ்சின்களுக்குச் சுழலி பூட்டிச் சோதித்தார். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்றிக் நிறுவனத்தைச் சேர்ந்த சான்போர்ட் மொஸ் 1918இல் லிபேர்ட்டி என்னும் விமான எஞ்சினொன்றைக் கொலராடோ மாநிலத்துப் பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்குக் கொண்டுசென்றார். 14,000 அடிக்கு மேற்பட்ட அவ்வுயரத்தில், தரைமட்டத்தில் 350 பரிவலு தந்த எஞ்சின் 230 பரிவலுவே தந்தது. டர்போசார்ஜரை இணைத்தபோது 356 பரிவலு கிடைத்தது. மலையுச்சியில் எஞ்சின் கடற்கரை வலுவைத் திரும்பப் பெற்றது.

இச்சோதனையிலே பிணியறிவோர்க்கு வேண்டிய முதற்பாடம் அடங்கியிருக்கின்றது. வலுக்குறைவு என்பது ஒரு நோயன்று, ஓர் அறிகுறி. பைக்ஸ் சிகரத்தில் எஞ்சினில் எப்பழுதும் இல்லை, வளிதான் போதவில்லை. அதுபோலவே, வண்டி இளைக்கின்றது என்றவுடன் சுழலியைக் கழற்ற முற்படுவது முறையன்று. வளி எங்கே தடைப்படுகின்றது, எங்கே ஒழுகுகின்றது என்று முதலில் நோக்கவேண்டும்.

இப்பாடத்தை உலகறியக் கற்பித்த நிகழ்ச்சி 1952ஆம் ஆண்டு அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் 500 மைல் ஓட்டத்தில் நடந்தது. கமின்ஸ் நிறுவனம் டர்போசார்ஜர் பூட்டிய டீசல் எஞ்சினுடன் ஒரு பந்தய வண்டியை அனுப்பியது. பாரவண்டிக்கு உரியதென்று எண்ணப்பட்ட டீசல் எஞ்சின் பந்தயத்தில் என்ன செய்யும் என்று பலரும் ஐயுற்றனர். ஆனால் ஓட்டுநர் பிரெட் அகபாஷியன் தகுதிச் சுற்றுகளில் மணிக்கு 138 மைல் வேகத்தை எட்டி முதலிடத்திலிருந்து புறப்படும் உரிமையைப் பெற்றார். ஓட்டத்து நாளிலோ 71 சுற்றுகளுடன் அவ்வண்டி விலகவேண்டியதாயிற்று. எஞ்சின் உடையவில்லை. சுழலி முறியவில்லை. போதிகைகள் தேயவில்லை. வளி உட்புகும் வாய் தாழ்வாக அமைந்திருந்தமையால், பாதையிற் சிதறிக் கிடந்த டயர் ரப்பர்த் துகள்களை அது உறிஞ்சி அடைத்துக்கொண்டது. உலகையே வியக்கவைத்த எஞ்சினை மூச்சடைக்கச் செய்தது ரப்பர்த் தூசி.

ஆகவே பழைய டர்போ வண்டியொன்று வலுவிழந்தால் முதலிற் காணவேண்டியது வளிவடிகட்டி. அடுத்து, வடிகட்டியிலிருந்து வளியமுக்கிவரை செல்லும் குழாய். பழைய ரப்பர்க் குழாயின் உட்தோல் சில வேளைகளிற் பிரிந்துவிடும். எஞ்சின் நிற்கும்போது அது ஒழுங்காகவே தோன்றும். எஞ்சின் வேகமாக உறிஞ்சும்போது உள்நோக்கிச் சுருங்கி வழியை அடைக்கும். அதன்பின், வளியமுக்கியிலிருந்து உருளைகளுக்குச் செல்லும் குழாய்களையும், இடையே இன்டர்கூலர் என்னும் வளிகுளிர்த்தி இருப்பின் அதனையும் பார்க்கவேண்டும். அங்கே ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் அமுக்கிய வளி வழியிலேயே தப்பிவிடும். மூட்டுகளில் சவர்க்கார நீரைத் தடவி உள்ளே சிறிது வளியமுக்கம் கொடுத்தால், ஒழுகும் இடத்தில் குமிழி எழும். சவர்க்காரக் கட்டியொன்றின் விலையிற் செய்யக்கூடிய இச்சோதனையைச் செய்யாது பெருவிலைப் பொறியை மாற்றியவர் எத்தனையோ பேர்.

சாதாரண மக்களின் மோட்டார் வண்டிக்கு டர்போசார்ஜர் வந்த ஆண்டு 1962. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் இரு பிரிவுகள் ஒரே காலத்தில் இரு வண்டிகளை வெளியிட்டன. ஒன்று செவ்ரொலே பிரிவின் கோர்வேர் மொன்சா ஸ்பைடர். மற்றது ஒல்ட்ஸ்மொபில் பிரிவின் ஜெட்பயர். இரண்டும் ஒரே சிக்கலை இரு வேறு வழிகளில் எதிர்கொண்டன. அச்சிக்கல் யாதெனில், பெற்றோல் எஞ்சினில் வளியமுக்கம் அளவுக்கு மிஞ்சினால், உருளைக்குள் எரிபொருட் கலவை ஒழுங்காக எரியாது வெடித்துச் சிதறும் என்பதே. அப்போது எஞ்சினில் தட்டுச் சத்தம் கேட்கும். அது நீடித்தால் ஆடுதண்டே துளைபடும்.

கோர்வேர் வண்டியில் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தத் தனி வாயில் எதுவும் இல்லை. எஞ்சினின் அமுக்கவிகிதம் குறைக்கப்பட்டது. காபரேற்றரும் புகைக்குழாயின் எதிரமுக்கமும் சேர்ந்து சுழலியின் வேகத்தை ஓரளவுக்கு மேற்போகாது தடுத்தன. இதன் விளைவு விந்தையானது. இவ்வமைப்பில் சைலன்சர் ஓசையை அடக்கும் உறுப்பு மட்டுமன்று, டர்போசார்ஜரின் கடிவாளமுமாகும். அதை எடுத்துவிட்டு வாயு தாராளமாகச் செல்லும் வேறொன்றைப் பூட்டினால் கடிவாளம் அறுந்ததாகிவிடும். எஞ்சினிலே தட்டுச் சத்தம் எழும். பழியோ சுழலியின் மேல் விழும்.

ஜெட்பயர் வண்டியின் கதை இன்னும் பயன்மிக்கது. அதன் எஞ்சின் எட்டு உருளைகளைக் கொண்ட அலுமினிய எஞ்சின். கொள்ளளவு 215 கன அங்குலம். வலு 215 பரிவலு. ஒரு கன அங்குலத்துக்கு ஒரு பரிவலு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். அதன் அமுக்கவிகிதமோ 10.25 என்னும் உயர்ந்த அளவிலே இருந்தது. தட்டுச் சத்தத்தைத் தடுப்பதற்காக, காய்ச்சி வடித்த நீரும் மெதனோலும் கலந்த ஒரு திரவம் வளியோடு உள்ளே தெளிக்கப்பட்டது. டர்போ ரொக்கற் திரவம் என்று அதற்குப் பெயரிட்டிருந்தனர். அதற்கெனத் தனித் தாங்கியும் இருந்தது. திரவம் தீர்ந்துவிட்டால் எஞ்சின் கெடாதபடி இன்னொரு வாயில் தானாகவே இயங்கி அமுக்கத்தைக் குறைத்துவிடும்.

பொறியியல் நோக்கிற் பார்த்தால் இது சிறந்த ஏற்பாடு. ஆனால் வண்டியை வாங்கியவர்களிற் பலர் அத்தாங்கியை நிரப்பத் தவறினர். பெற்றோல் ஊற்றுவதையும் எண்ணெய் மாற்றுவதையும் அறிந்திருந்த மக்களுக்கு மூன்றாவதொரு திரவத்தையும் கவனிக்கவேண்டும் என்பது பழக்கமாகவில்லை. திரவம் தீர்ந்ததும் பாதுகாப்பு வாயில் தன் கடமையைச் செய்தது, வண்டி இளைத்தது. டர்போ கெட்டுவிட்டது என்று மக்கள் முறையிட்டனர். இரண்டு ஆண்டுகளில் 9,607 வண்டிகளே செய்யப்பட்டன. 1965இல், விரும்புவோரின் வண்டிகளிலிருந்து டர்போசார்ஜரைக் கழற்றிவிட்டுச் சாதாரணக் காபரேற்றரைப் பூட்டித்தர நிறுவனமே முன்வந்தது. தனது புதுமையை உற்பத்தி செய்தவரே கழற்றிக் கொடுத்த நிகழ்ச்சி மோட்டார் வரலாற்றில் அரிது. அங்கே தோற்றது உலோகமன்று. வண்டியைச் செய்தவனுக்கும் செலுத்துபவனுக்கும் இடையே இருக்கவேண்டிய அறிவுத்தொடர்பே தோற்றது. பழைய வண்டியொன்றின் பிணியை அறிய முற்படுவோர், அதன் பழக்கவழக்கங்களை முதலில் அறியவேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

பத்தாண்டுக்குப்பின் டர்போசார்ஜர் ஐரோப்பாவில் மீண்டும் தலையெடுத்தது. 1973இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2002 டர்போ என்னும் வண்டியை வெளியிட்டது. அவ்வாண்டிலேயே எண்ணெய் நெருக்கடி எழுந்தமையால் 1,672 வண்டிகளுடன் அதன் உற்பத்தி நின்றது. அடுத்த ஆண்டு போர்ஷே நிறுவனத்தின் 911 டர்போ பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. 1977இல் சுவீடன் நாட்டுச் சாப் நிறுவனம் 99 டர்போவைக் கொண்டுவந்தது. இது பந்தயத்துக்கன்று, குடும்பத்துக்கு. சிறிய சுழலி ஒன்றைப் பூட்டிக் குறைந்த வேகத்திலேயே வலு கிடைக்குமாறு செய்தனர். அமுக்கம் உரிய அளவை எட்டியதும் கழிவாயுவின் ஒரு பகுதியைச் சுழலியைச் சாராது வெளியேற்றிவிடும் வேஸ்ட்கேட் என்னும் வாயில் அதில் இருந்தது. கோர்வேர் வண்டியிற் சைலன்சர் செய்த வேலையை இங்கே ஒரு வாயில் திருத்தமாகச் செய்தது. 1978இல் மேர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்.டி. வண்டியுடன் டர்போ டீசல் எஞ்சின் பயணிகள் காரிலும் இடம்பெற்றது.

இதே காலத்தில் பந்தயத் திடலில் நடந்ததையும் சொல்லவேண்டும். 1977இல் பிரான்சின் ரெனோ நிறுவனம் போர்முலா வண் பந்தயத்துக்கு முதன்முதலாக ஒரு டர்போ வண்டியை அனுப்பியது. மஞ்சள்நிறமான அவ்வண்டி அடிக்கடி வெண்புகை கக்கி வழியோரம் நின்றமையால், எதிரணியினர் அதனை "மஞ்சள் தேநீர்க் கேத்தில்" என்று நகையாடினர். அவ்வணியினர் சோர்ந்துபோகவில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் பழுதான உறுப்புகளை ஆராய்ந்தனர். ஒரு பெரிய சுழலிக்குப் பதிலாக இரு சிறிய சுழலிகளைப் பூட்டினர். 1979இல் டிஜோன் நகரில் நடந்த பிரெஞ்சுப் பந்தயத்தில் அவ்வணியின் ஜோன் பியர் ஜபுயி வெற்றி பெற்றார். அதன்பின் நகைத்தவர்களும் டர்போசார்ஜரைத் தேடிச் சென்றனர்.

இனி இப்பொறியின் உள்ளே நோக்குவோம். ஒரு தண்டின் ஒரு முனையில் சுழலிச் சில்லு. மறுமுனையில் வளியமுக்கிச் சில்லு. இரண்டும் உள்ளங்கையில் அடங்கும் அளவின. முழுவேகத்தில் இத்தண்டு நிமிடத்துக்கு ஓரிலட்சம் முறைக்கு மேலாகச் சுழலும். பெற்றோல் எஞ்சினில் சுழலியைத் தாக்கும் வாயுவின் வெப்பம் 900 பாகை செல்சியசுக்கும் மேற்போவதுண்டு. இவ்வளவு வெம்மைக்கும் வேகத்துக்குமிடையே தண்டைத் தாங்கி நிற்பது யாது? மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. போதிகை தண்டைத் தொடுவதில்லை. எண்ணெயின் மேலே தண்டு மிதக்கின்றது. அவ்வெண்ணெய் எஞ்சினிலிருந்தே வருகின்றது. ஆகவே எஞ்சினின் எண்ணெய் அழுக்கானால் தண்டும் போதிகையும் கீறப்படும். எண்ணெய் வரத் தாமதித்தால் சில விநாடிகளிலேயே உலோகம் உலோகத்தோடு உராய்ந்து நீலம் பாரிக்கும்.

1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் வந்த வண்டிகளைப் பெரிதும் வருத்திய நோய் இவ்விடத்திலேயே தோன்றியது. நெடுந்தூரம் வேகமாக ஓடிய வண்டியைத் திடீரென நிறுத்தி எஞ்சினை அணைத்தால், எண்ணெய் ஓட்டமும் அக்கணமே நின்றுவிடும். சுழலியின் வெப்பமோ நிற்பதில்லை. அது தண்டின் வழியே பரவி, போதிகையில் தேங்கிய எண்ணெயைக் கரியாக்கிவிடும். ஒருநாட் கரி தீங்கு செய்யாது. பலநாட் கரி சேர்ந்து எண்ணெய் வரும் சிறு குழாயை ஒடுக்கும்; ஒடுங்கிய குழாயால் போதிகை வரளும். வண்டியை நிறுத்துமுன் எஞ்சினை ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிடவேண்டும் என்னும் விதி இதனாற் பிறந்தது. 1980களின் போக்கில் போதிகைக் கூட்டைச் சுற்றி நீரோட்டம் அமைக்கும் முறை பரவியபோது இந்நோய் தணிந்தது. அதற்கு முந்திய வண்டியை வைத்திருப்போர்க்கு அவ்விதி இன்றும் விதியே.

தொடக்கத்திற் கூறிய வண்டி ஏன் சில வாரங்களில் திரும்பி வந்தது என்பதற்கும் இங்கே விடை கிடைக்கின்றது. பழைய டர்போசார்ஜர் எண்ணெயின்றி அழிந்தது. புதியது பூட்டப்பட்டது. கரி படிந்த எண்ணெய்க் குழாயோ மாற்றப்படவில்லை. அதே வறட்சியில் புதியதும் அழிந்தது. உடைந்த உறுப்பை எறிந்துவிடுமுன் அதனைக் கையிலெடுத்து நோக்கியிருந்தால் அது உண்மையைச் சொல்லியிருக்கும். நீலம் பாரித்த தண்டு எண்ணெய் வறட்சியைச் சொல்லும். வரிவரியாகக் கீறப்பட்ட போதிகை எண்ணெயின் அழுக்கைச் சொல்லும். முனை முறிந்த வளியமுக்கிச் சில்லு, உள்ளே ஏதோ அந்நியப்பொருள் புகுந்ததைச் சொல்லும். மணல் தீட்டியதுபோல் தேய்ந்த இதழ்கள், வடிகட்டி தூசியைத் தடுக்கவில்லை என்பதைச் சொல்லும்.

நீலப் புகையைப் பற்றியும் விளக்கமாகச் சொல்லவேண்டும். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டுகின்றது. எங்கிருந்து வந்த எண்ணெய் என்பதைக் காட்டுவதில்லை. டர்போசார்ஜரின் தண்டில் எண்ணெயைத் தடுக்கும் வளையங்கள் உண்டு. அவை போத்தல் மூடிபோல் இறுக அடைப்பவையல்ல. இருபுறத்துமுள்ள வாயுவின் அமுக்கமே எண்ணெயை உள்ளே நிறுத்துகின்றது. தண்டைத் தாங்கிய எண்ணெய் தன் பாரத்தாலேயே கீழ்க்குழாய் வழியே எஞ்சினுக்குத் திரும்பவேண்டும். அக்குழாய் நெளிந்தோ அடைபட்டோ இருப்பின் எண்ணெய் தேங்கி, பழுதற்ற வளையங்களையும் கடந்து ஒழுகும். எஞ்சினின் தேய்ந்த ஆடுதண்டு வளையங்கள் வழியே வாயு கீழிறங்கினாலும், அடித்தொட்டியின் மூச்சுக்குழாய் அடைபட்டாலும், தொட்டியில் அமுக்கம் ஏறி எண்ணெய் திரும்பிச் செல்வதைத் தடுக்கும். வளிவடிகட்டி அடைபட்டால், வளியமுக்கி வெற்றிடம்போல் உறிஞ்சி எண்ணெயைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். இந்நான்கு நிலையிலும் டர்போசார்ஜர் குற்றமற்றது. அதனை மாற்றினாலும் புகை நிற்காது.

இவற்றைப் பிரித்தறிய ஒரு வழியுண்டு. எஞ்சினுக்கும் சுழலிக்கும் இடையிலுள்ள குழாயைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். சுழலிக்கு முன்னேயே எண்ணெய்ப் பிசுக்கு இருப்பின் அது எஞ்சினிலிருந்து வந்தது. முன்பக்கம் உலர்ந்திருந்து பின்பக்கம் மட்டும் நனைந்திருப்பின் அது சுழலியின் பக்கத்தது. அப்போதும் எண்ணெய் திரும்பும் வழியையும் மூச்சுக்குழாயையும் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறவேண்டும். கரும்புகையோ வேறு கதை. டீசல் எஞ்சினில் வளி குறைந்தாலும் எரிபொருள் மிஞ்சினாலும் அது தோன்றும்; ஆதலின் வளிப்பாதையையும் எரிபொருள் தெளிப்பானையும் ஒருசேர ஆராயவேண்டும்.

செவியும் இக்கலையில் ஒரு கருவி. வேகம் கூடும்போது "உஸ்" என்று கேட்டால் அமுக்கிய வளி எங்கோ ஒழுகுகின்றது. ஊதுகுழலின் ஓசைபோல ஏறியிறங்கும் கூர்மையான ஒலி கேட்டால் சில்லின் சமநிலை கெட்டிருக்கலாம். உராயும் ஒலி கேட்டால் சில்லு தன் கூட்டைத் தொடுகின்றது; உடனே நிறுத்தவேண்டும். கையினால் ஆராய்வது, எஞ்சின் நின்று நன்கு குளிர்ந்த பின்னரே. வளிக்குழாயைக் கழற்றி விரலாற் சில்லைச் சுழற்றினால் அது தடையின்றிச் சுழலவேண்டும். பக்கவாட்டில் சிறிது அசைவு இருப்பது இயல்பு; எண்ணெய்ப் படலத்துக்கு விடப்பட்ட இடைவெளி அது. இதை அறியாது, அசைகின்றது என்பதற்காகவே நல்ல டர்போசார்ஜர்கள் பல கழிக்கப்பட்டிருக்கின்றன. சில்லு கூட்டைத் தொடும் அளவுக்கு அசைந்தாலோ, முன்னும் பின்னும் உணரத்தக்கவாறு நகர்ந்தாலோதான் போதிகை தேய்ந்ததென்று கொள்ளவேண்டும்.

வேஸ்ட்கேட் வாயிலையும் மறத்தல் ஆகாது. அது திறந்தபடி சிக்கிக்கொண்டால் வண்டி இளைக்கும். மூடியபடி சிக்கிக்கொண்டாலோ, அதனை இயக்கும் சிறு ரப்பர்க் குழாய் வெடித்தாலோ, அமுக்கம் அளவு மீறும். முன்னது பொறுமையைச் சோதிக்கும். பின்னது எஞ்சினையே அழிக்கும். அளவு மீறிய வலுவைக் கண்டு மகிழும் ஓட்டுநர், தம் வண்டி நோயுற்றிருக்கின்றது என்பதை அறிவதில்லை.

இங்கே உயிரோடு தொடர்புடைய ஓர் எச்சரிக்கை உண்டு. டீசல் எஞ்சின் எந்த எண்ணெயையும் எரிக்க வல்லது. டர்போசார்ஜரின் எண்ணெய் பெருமளவில் வளிக்குழாய்க்குள் ஒழுகினால், எஞ்சின் அதனையே எரிபொருளாகக் கொண்டு கட்டுமீறி ஓடத் தொடங்கும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. உள்ளே செல்லும் வளியை அடைத்தால் மட்டுமே நிற்கும். வெறுங்கையால் அதனைச் செய்ய முனைவது பேராபத்து. ஆகவே வளிக்குழாயில் எண்ணெய் தேங்குவதைக் கண்டும் நாளைக்குப் பார்ப்போம் என்று வண்டியைச் செலுத்துவது தகாது.

1980களில் சாப் நிறுவனம், எஞ்சினின் தட்டுச் சத்தத்தைத் தானே உணர்ந்து அமுக்கத்தைக் குறைக்கும் மின்னணு முறையைத் தன் வண்டிகளிற் பூட்டியது. 1990களில் டீசல் வண்டிகளுக்கு, சுழலியைச் சூழ அசையும் இதழ்களைக் கொண்ட டர்போசார்ஜர்கள் வந்தன; கரி படிந்து இதழ்கள் சிக்குவது புதிய நோயாயிற்று. வண்டியின் கணினியோடு கருவியை இணைத்துப் பழுதின் எண்ணைப் படிக்கும் வழக்கமும் பரவியது. ஆயினும் அமுக்கம் குறைவு என்று எண் காட்டுமேயன்றி, குறைந்தது ஏனென்று காட்டுவதில்லை. வடிகட்டியா, குழாயா, வாயிலா, சுழலியா என்று தேடுவது இன்றும் மனிதனின் கடமையே.

நோயை ஆராய்ந்து, அதன் மூலத்தை ஆராய்ந்து, அதன் பின்னரே தீர்க்கும் வழியை நாடவேண்டும் என்னும் ஒழுங்கை மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்திருக்கின்றார். உடலுக்குச் சொல்லப்பட்ட அவ்வொழுங்கு இப்பொறிக்கும் பொருந்துகின்றது. விலைகுறைந்ததை முதலிலும் விலைகூடியதை இறுதியிலும் சோதிப்பது, பழுதான உறுப்பைப் பார்க்காது எறியாதிருப்பது, மூலத்தைத் திருத்தாது புதியதைப் பூட்டாதிருப்பது ஆகிய மூன்றையும் கடைப்பிடிக்கும் தொழிலாளி, வண்டிச் சொந்தக்காரரின் வீண்செலவைத் தடுக்கின்றார். வாசலில் நிற்கும் அந்தப் பழைய வண்டி நீலப் புகை கக்கும்போது, கருவிப் பெட்டியைத் திறக்குமுன் அவர் கேட்கவேண்டிய கேள்விகள் சிலவே. எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? வடிகட்டியை யார், எப்போது பார்த்தார்? நெடுந்தூரம் ஓடிய பின் வண்டியை எவ்வாறு நிறுத்துகின்றீர்கள்? சொந்தக்காரர் சொல்லும் விடைகளிலேயே நோயின் மூலம் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.